நடந்ததை மட்டும் கேட்ட மிஸ்

எங்கள் வகுப்பில் ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்கு நாலு அர்த்தம் இருந்தால் நாலு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த நாலும் சொல்பவரின் வாழ்க்கையில் நிஜமாகவே நடந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது சட்டம் வேறு எந்த இங்கிலீஷ் வகுப்பிலும் இருக்காது என்று நினைக்கிறேன். அதைப் போட்டவர் மிஸ். அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் வகுப்புக்கு வந்த நர்சுகள், கீழே இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், டீ கொண்டு வருகிறவர், நான், எல்லாருமே அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவர். இங்கேயும் மிஸ்ஸாகவே இருக்கட்டும்.

ஆழ்வார்பேட்டையில் அந்தக் கண்ணாடிக் கடையின் மாடிதான் எங்கள் இடம். வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் நர்சுகள் ஓர் இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும் அல்லவா, அதற்குத் தயார் செய்கிற இடம். நான் முன்மேசையில் இருந்தேன். ஆள் சேர்ப்பது, வருகை எடுப்பது, ஃபோன் பேசுவது, தண்ணீர் கேன் தீர்ந்தால் கடைக்காரரிடம் சத்தம் போடுவது, எல்லாம் என் பொறுப்பு. என் மேசைக்கும் வகுப்புக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு. மிஸ் நடத்தியதில் பாதி என் காதிலும் விழுந்துகொண்டே இருக்கும்.

மற்ற ஆசிரியர்கள் கைடைப் பார்த்து நடத்துவார்கள். பேங்க் என்ற வார்த்தை வந்தால், ஆற்றின் பேங்கில் ஒரு பேங்க் இருக்கிறது என்று கைடில் ஒரு வாக்கியம் இருக்கும். அதை எழுதிக்கொண்டு எல்லாரும் அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். மிஸ் வகுப்பில் ஒரு பெண் அதை ஒப்பித்தபோது, எந்த ஆறு, அடையாறா கூவமா, எந்த பேங்க், அதில் உனக்குக் கணக்கு இருக்கிறதா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். கடைசியில், காலையில் பஸ் பாலத்தில் நின்றபோது அடையாற்றின் கரையில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னாள். "நடந்துச்சா?" என்றார் மிஸ். நடந்தது என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு நாய்க்கு வந்த வாழ்வைப் பார் என்று நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டேன்.

நடந்துச்சா? அது ஒன்றுதான் அவருடைய கேள்வி. ஏன், எப்படி, யாரால் என்றெல்லாம் போக மாட்டார். இலக்கணம் தப்பாக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் பொறுமையாகத் திருத்துவார். நடக்காததைச் சொன்னால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

ஒரு நாள் ஃபைன் என்ற வார்த்தை. அதற்கு அபராதம் என்றும் அர்த்தம், பொடியாக இருப்பது என்றும் அர்த்தம், சௌக்கியம் என்றும் அர்த்தம். நைட் டூட்டி முடித்து நேரே வந்திருந்த ஒரு நர்ஸ் எழுந்து, ஐ ஆம் ஃபைன் என்று சொல்லிவிட்டு உட்காரப் போனாள். மிஸ் அவளை உட்கார விடவில்லை. கண் சிவந்திருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடித்த மாதிரி தெரியவில்லை, அப்புறம் எப்படி ஃபைன் என்று கேட்டார். அந்தப் பெண் பொலபொலவென்று அழுதுவிட்டாள். அழுகைக்கு நடுவே, தான் ஃபைனாக இல்லை என்று இங்கிலீஷில் தப்பில்லாமல் சொன்னாள். மிஸ் அவளைப் பாராட்டிவிட்டு என்னிடம் வந்து இட்லி வாங்கி வரச் சொன்னார். பரீட்சை அறையில் வாயடைத்துப் போனவர்கள்கூட அவர் வகுப்பில் பேசினார்கள். அது எங்களுக்கெல்லாம் தெரியும்.

மிஸ் சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் வீட்டில் எல்லாரும் டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ், அதுவும் இல்லாவிட்டால் கன்னியர் மடத்து சிஸ்டர். நான் மந்தைவெளிக்காரி. எனக்கு வாய் சும்மா இருக்காது. இது இங்கிலீஷ் கிளாஸா, பாவசங்கீர்த்தனமா மிஸ் என்று சீண்டுவேன். ஆளுக்கு வாரத்துக்கு ஓர் உண்மை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அவரும் சிரிப்பார். செய்த பாவத்தைக் கோயிலில் ஒப்புக்கொள்ளும் அந்தப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக் கூடாது என்று அவர்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறதாம். எங்கள் வகுப்பில் எத்தனை நாற்காலியோ அத்தனை ஜோடிக் காது, ஒன்றுக்கும் கட்டுப்பாடு கிடையாது. இது எனக்கே பிறகுதான் உறைத்தது.

வகுப்புக்கு வெளியிலும் அவர் அப்படித்தான். ஒரு தடவை தி.நகரில் எனக்குப் புடவை எடுக்கப் போனோம். அரை மணி நேரம் பொறுக்கி, ஒரு மாம்பழக் கலர் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு எப்படி என்று கேட்டேன். உங்களுக்கு ஒத்து வரவில்லை என்றார். விற்பவர் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை, என் முகமே தொங்கிப்போயிருந்தது. தாமதமாக வந்தால் எல்லாரும் டிராஃபிக் மேல் பழி போடுவோம். மிஸ் மட்டும் தூங்கிவிட்டேன் என்று சொல்வார். சேர வருகிறவர்களிடம், முதல் தடவையிலேயே தேறிவிடலாம் என்று சொல்லும்படி முதலாளி எங்களுக்கு உத்தரவு போட்டிருந்தார். ஒரு நாள் நான் இல்லாத நேரத்தில் வந்த தம்பதியிடம், பாதிப் பேர் முதல் தடவையில் தேறுவதில்லை என்று மிஸ் சொல்லி அனுப்பிவிட்டார். முதலாளி அன்றைக்குத் தாம் தூம் என்று குதித்தார். ஆனால் வெளியே போகச் சொல்லவில்லை. மிஸ்ஸைப் பார்த்துத்தான் ஆள் சேர்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அவரைப் பெண் பார்க்க வந்த கதையையும் அவரேதான் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா பேச்சுவாக்கில், முன்னே யாரையாவது விரும்பியது உண்டா அம்மா என்று கேட்டாராம். யாரும் பதில் எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? மிஸ் ஆமாம் என்று சொல்லி, பெயரையும் எந்தத் தெரு என்பதையும் சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் பாதிக் காபியோடு எழுந்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. எனக்குத்தான் அவருடைய அப்பா அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. இப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பது ஆறுதலா இம்சையா என்று அப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு வார்த்தை லெஃப்ட். சனிக்கிழமை வகுப்பு. ஒருத்தி லஸ் முனையில் லெஃப்ட் எடுத்ததைச் சொன்னாள். இன்னொருத்தி, அவள் புருஷன் குவைத்துக்குக் கிளம்பிப் போனதை அதே வார்த்தையில் சொன்னாள். ஒரு பையன் நர்ஸ், ஹாஸ்டலில் காலைப் பொங்கல் மிச்சம் இருந்ததைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். இனி ஓர் அர்த்தம் பாக்கி. ஒன்றை இருந்தபடியே விட்டுவிட்டு வருவது. மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு நர்ஸின் முறை.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும். நகரத்தின் தெற்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை, பெயர் வேண்டாம். அதிர்ந்து பேச மாட்டாள். பரீட்சையை இரண்டு தடவை கோட்டைவிட்டு, மிஸ்ஸிடம் வந்த பிறகு தேறிவிட்டாள். வெளிநாட்டில் வேலைக்கு உத்தரவும் வந்துவிட்டது. போகிற வரைக்கும் பேச்சு மறந்துவிடக் கூடாது என்று சும்மா வந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

அவள் எழுந்து நின்றாள். இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நோயாளி உருண்டு விழாமல் இருக்கக் கட்டிலின் பக்கத்தில் தூக்கி மாட்டுவார்களே, சைடு ரெயில், அந்தக் கம்பியை நான் இறக்கி வைத்தபடியே விட்டுவிட்டேன். பெரியவர் கீழே விழுந்தார்.

"நடந்துச்சா?" என்றார் மிஸ்.

"நடந்துச்சு மிஸ்."

"சரியா சொன்ன. உக்காரு."

அடுத்தவள் எழுந்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கை ஓடவில்லை. அதே ஆஸ்பத்திரியில் வேறொரு மாடியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியும், இருவரையும் சேர்த்தவள் நான்தான். வகுப்பு முடிந்ததும் அந்தக் கள்ளக்குறிச்சிப் பெண்ணைப் பிடித்து, ஏம்மா இப்படி என்று கேட்டேன். இங்கிலீஷில் சொல்லும்போது யாரோ செய்தது மாதிரி இருந்தது அக்கா, மனசு லேசாகிவிட்டது என்றாள்.

அடுத்த வாரத்துக்குள் ஃபோன் வந்துவிட்டது. நான்தான் எடுத்தேன். அந்த ஆஸ்பத்திரியின் நர்சிங் சூப்பரின்டென்டென்ட். மரியாதையாகத்தான் பேசினார். பெரியவர் விழுந்தது நிஜம். இடுப்பெலும்பு முறிந்து இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். படுக்கை விரிப்பு மாற்றிய ஆயாம்மா, தான்தான் கம்பியைத் தூக்கி மாட்ட மறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். அவரை வேலையை விட்டு அனுப்பி, விஷயத்தை முடித்திருந்தார்கள். இப்போது வகுப்பில் யாரோ வேறு மாதிரி சொன்னதாகப் பேச்சு அடிபடுகிறது, மிஸ் ஒரு தடவை வந்து போக முடியுமா என்று கேட்டார்.

முதலாளிக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அது பாடத்துக்காகச் சொன்ன வாக்கியம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் முடிந்தது என்றார். நானும் அதைத்தான் சொன்னேன். அது பொய் அல்லவா என்று மிஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பு போய்விடும் மிஸ் என்றேன். இன்னொரு பெண்ணின் பிழைப்பு ஏற்கெனவே போய்விட்டது, அந்தப் பெரியவர் வீட்டில் யார் என்ன சொல்லியிருப்பார்கள், அவருக்கு உண்மையைச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஆனாலும் என் கோபம் அடங்கவில்லை.

சாயங்காலம் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். மிஸ்ஸின் ஃபோனில் சார்ஜ் இல்லாததால் என் ஃபோனில், ஸ்பீக்கரில் பேசினார்கள். அழுதுகொண்டே பேசினாள்.

"மிஸ், கேட்டா உதாரணத்துக்குச் சொன்னான்னு சொல்லிடுங்க மிஸ். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் ஒண்ணுதான் பாக்கி. அது இல்லைன்னா என்னை அங்க எடுக்க மாட்டாங்க."

"அந்த ஆயாம்மா?"

"அது வந்து மிஸ், நானும் அவங்களும்..."

"நடந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. நடந்துச்சு மிஸ் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நானும் கூடப் போனேன். மிஸ்ஸைத் தனியாக அனுப்பப் பயமாக இருந்தது. சூப்பரின்டென்டென்ட் வயதானவர், களைத்த முகம். அந்தப் பெண் யூனிஃபார்மில் சுவரோரம் நின்றாள். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. சூப்பரின்டென்டென்ட் அம்மாளுக்கும் விஷயம் முடிந்தபடியே இருந்தால் போதும் என்று இருந்தது. அது முகத்திலேயே தெரிந்தது. கிளாசில் உதாரணத்துக்காக ஏதோ சொல்லியிருப்பார்கள், அப்படித்தானே என்று அவரே வழியைத் திறந்துவிட்டார். மிஸ் தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

"என் கிளாஸ்ல உதாரணத்துக்கு யாரும் சொல்றதில்ல மேடம். நடந்ததைத்தான் சொல்வாங்க" என்றார் மிஸ்.

அவ்வளவுதான். அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்த்தது மிஸ்ஸை அல்ல, என்னை. நான் குனிந்துகொண்டேன்.

சர்டிபிகேட் கிடைக்கவில்லை. வேலையும் போயிற்று. வெளிநாட்டுக்காரர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? அவள் ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டதாகப் பையன் நர்ஸ் வந்து சொன்னான். மிஸ் அவளுக்குப் பல தடவை ஃபோன் செய்தார். மணி அடித்து அடித்து நின்றது. அந்த நாட்களில் மிஸ் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆயாம்மாவின் மேல் இருந்த பழி போய்விட்டது, அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுவார்கள், அதை நாமே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். எப்படியோ விலாசம் விசாரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். நான் மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவர் இளைத்துப்போயிருந்ததைப் பார்த்துச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கொட்டிவாக்கத்தில், கடலுக்குப் போகிற சந்தில் வீடு. ஆயாம்மா வாசலில் டிரம் பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் ஒரு முட்டியில் பெல்ட் கட்டியிருந்தார். மிஸ் தன்னை யார் என்று சொன்னார். பிறகு வகுப்பில் தெரியவந்தது, சூப்பரின்டென்டென்ட் கேட்டது, தான் உண்மையைச் சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல், ஒழுங்காக, நடந்த வரிசையில் சொன்னார். உங்கள் மேல் இனி எந்தத் தப்பும் இல்லை என்று முடித்தார்.

ஆயாம்மா துணியைப் பிழிந்து வாளியில் போட்டார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"நீதானா அது?" என்றார். "அந்தப் பொண்ணு அன்னிக்கே ஓடியாந்து, நான்தான் ஆயாம்மா விட்டுட்டேன்னு என் கையப் புடிச்சிக்கினு அழுதுச்சு. நான்தான் சொன்னேன், நீ கம்முனு இரு, நான் சொல்லிக்கிறேன்னு. எனக்கு முட்டி போயிடுச்சு, அந்த மாசத்தோட நின்னுடலாம்னுதான் இருந்தேன். அந்தப் பொண்ணுக்கு வெளிநாடு போற நேரம். ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினதும்மா அது."

ஆயாம்மா வாளியைக் காலால் ஓரமாக நகர்த்தினார்.

"இப்ப என்னையும் இட்டாந்து, ஏன் பொய் சொன்னேன்னு எழுதி வாங்கினாங்க. அந்தப் பொண்ணையும் அனுப்பிட்டாங்க, நானும் பொய்க்காரி ஆயிட்டேன். எங்க ரெண்டு பேருக்கு நடுவுல நீ யாரும்மா?"

அந்தப் பெண் ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை என்று மிஸ் கேட்டார், ஆயாம்மாவைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்றே தெரியவில்லை. நீங்கள்தானே சொல்ல விடவில்லை என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். அடக்கியிருக்க வேண்டியதில்லை. ஃபோனில் அந்தப் பெண் ஆரம்பித்த வாக்கியம் அந்த நேரத்தில் மிஸ்ஸுக்கே நினைவு வந்துவிட்டது. டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆயாம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெயிலில் நிற்காதே, போய்ச் சேரு என்று சொல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு கொடிப் பக்கம் போனார். அந்தக் குரலில் கோபம்கூடத் தீர்ந்துபோயிருந்தது.

ஈ.சி.ஆரில் பஸ்ஸுக்கு நின்றோம். சுள்ளென்று வெயில். நான் இருந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் அந்த அறையில் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று மிஸ் என்னிடம் கேட்டார்.

"இல்லைன்னு சொல்லியிருப்பேன் மிஸ். யோசிச்சிருக்கவே மாட்டேன்."

அவர் அதைக் கவனமாகக் கேட்டார்.

"எனக்கு அது வரலையே" என்றார்.

நீச்சல் தெரியாது, சைக்கிள் தெரியாது என்று சொல்கிற குரலில் சொன்னார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது, இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. பஸ் வந்தது, கூட்டம். அவர் கையைப் பிடித்து முன்னால் ஏற்றிவிட்டு, பின்னால் நான் ஏறினேன்.